செவியும் கவனமும்: விமான அனுமதிச் சொற்களின் சரித்திரம்

ஆகாய விமானத்தின் சரித்திரத்தை எழுதியோர் பெரும்பாலும் இயந்திரத்தின் அபிவிருத்தியையே விரித்துரைத்திருக்கின்றனர். கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து ரேடியோ வழியே வரும் அனுமதியை விமானி எவ்வாறு கேட்கிறார், கேட்டதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்ற விஷயம், 1970-களில் நேர்ந்த சில பெரும் விபத்துக்களுக்குப் பின்னரே பரவலான ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

1972 டிசம்பர் 29 இரவு மியாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401-ஆம் விமானத்தில், மூக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் பறக்க அனுமதி பெற்ற பின், விமானிகளின் சிந்தை முழுதும் அவ்விளக்கிலேயே லயித்திருக்க, உயரத்தைக் காத்துவந்த தானியங்கியின் பிடி விலகியதை ஒருவரும் உணரவில்லை. ரேடாரில் 900 அடி என்று கண்ட கட்டுப்பாட்டு அதிகாரியோ, உயரத்தைக் குறிப்பிடாமல், காரியம் எப்படிப் போகிறதென்று பொதுப்படக் கேட்டார். திரும்பி வந்து இறங்க விரும்புவதாக மறுமொழி வந்தது. சற்றுப் பொறுத்து விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பில் வீழ்ந்து 101 பேர் மாண்டனர். கவனச்சிதறலுக்கு உதாரணமாகவே இதனைச் சொல்வது வழக்கம். அந்தப் பொதுப்படையான வினாவுக்கும் இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனுக்கு அருகே, டல்லஸ் நிலையத்தை அணுக அனுமதி பெற்ற டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514-ஆம் விமானம், அவ்வனுமதியிலேயே 1,800 அடிக்கு இறங்கும் உரிமையும் அடங்கியதாகக் கொண்டு மலையில் மோதிற்று. 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை அந்நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டிச் செல்லவில்லை. தவறுகளைத் தண்டனைக்கு அஞ்சாமல் தெரிவிப்பதற்கென நாசாவின் பொறுப்பில் 1976-இல் ஓர் ஏற்பாடு தோன்றியதற்கு இதுவே முதற்காரணம்.

1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் நிலையத்தில் நேர்ந்ததோ, இவ்வாராய்ச்சியின் மையம் எனத் தகும். பக்கத்துத் தீவில் வெடிகுண்டு வெடித்தமையால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் அச்சிறு நிலையத்தில் நெருங்கி நிற்க, மூடுபனியும் இறங்கியிருந்த வேளையில், கே.எல்.எம். விமானத்துக்குப் புறப்பட்ட பின் செல்லவேண்டிய வழியைச் சொல்லும் அனுமதி மட்டுமே வந்தது. அதில் 'டேக் ஆஃப்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. துணை விமானி அதனைத் திருப்பிச் சொல்லி முடிக்குமுன்னரே தலைமை விமானி விமானத்தைச் செலுத்தலானார். 'இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்' என்று துணை விமானி கூறியதை, ஓடுபாதை முனையில் காத்திருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கொண்டது. காத்திருக்குமாறு கோபுரம் பணித்த குரலும், அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த பான் ஆம் விமானத்தின் விமானிகள் தாங்கள் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாக உரைத்த குரலும் ஒரே கணத்தில் மோதிக் கீச்சொலியாயின. பின்னர்ப் பான் ஆமின் பேச்சைச் செவியுற்ற கே.எல்.எம். பொறியாளர், அவ்விமானம் இன்னும் விலகவில்லையோ என்று வினவினார். விலகிவிட்டதாகத் தலைமை விமானி உறுதியாக விடையிறுத்தார். இரு விமானங்களும் மோத, 583 உயிர்கள் போயின. அதன் பின், புறப்பட அனுமதிக்கும்போதும் அவ்வனுமதியை ரத்துசெய்யும்போதுமன்றி 'டேக் ஆஃப்' என்று கூறலாகாது, பிறவிடங்களில் 'டிபார்ச்சர்' என்றே வழங்க வேண்டும் என்பது சர்வதேச நியதியாயிற்று.

சொல்லோடு விமானிகளின் கவனத்தையும் காக்க, அனாவசிய சம்பாஷணையை 10,000 அடிக்குக் கீழ் விலக்கும் அமெரிக்க விதி 1981-இல் வந்தது. எனினும், அனுமதியை மீறும் பிழைகள் ஓயவில்லை: 1996-இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில், 15,000 அடியில் நிற்கப் பணிக்கப்பட்ட கஜகஸ்தான் விமானம் மேலும் இறங்கிச் சவூதி விமானத்துடன் மோத, 349 பேர் இறந்தனர்.

இன்று பல வழித்தடங்களில் அனுமதிகள் எழுத்துருவில் திரைக்கு வருகின்றன. செவிப்பிழை இதனால் குறையும் என்பதில் ஐயமில்லை; ஆயினும் அயல் விமானத்துக்குச் சொல்லப்படுவதை எல்லோரும் கேட்கும் பொதுச் செவி இதில் இல்லை. டெனெரிஃபில் அப்பொறியாளரின் ஐயம் பிறந்தது அப்படிப்பட்ட பொதுச் செவியினாலேயே.