விழப்போகும் மரத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?



சங்ககிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம் நினைவுக்கு வரும். மலைக்கோட்டை, அங்கே 1805-ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, அப்புறம் லாரிகள். நான்காவதாக நான் சேர்ப்பது சாலையோரப் புளியமரங்கள். சேலம் - கோவை நெடுஞ்சாலை நான்கு வழியானபோது பல மரங்கள் போய்விட்டன. மிச்சம் நிற்பவை மேல் கோடையில் சூறைக்காற்று அடிக்கும்போதெல்லாம் ஒரே சண்டைதான். "எப்ப விழுமோ, வெட்டிடுங்க" என்று ஒரு கட்சி. "ஒரு மரத்தையும் தொடாதே" என்று இன்னொரு கட்சி. ஆனால் இரண்டு கட்சியுமே மரத்தடியில் குனிந்து பார்ப்பதில்லை!

சாலையோரம் மரம் நடுவது நமக்குப் பழைய வழக்கம். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரம் நட்டதாக அசோகரின் தூண் கல்வெட்டு சொல்கிறது. மதுரைப் பக்கம் ராணி மங்கம்மாள் பெயரை இன்றும் சாலைகளோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நட்டவர் பெயர் நிலைத்துவிட்டது. நட்ட மரம் கிழடானால் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பதில் வர நாளாயிற்று.

இரண்டு ஆலமரங்களின் கதையைப் பாருங்கள். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தை 1864, 1867 ஆண்டுப் புயல்கள் உடைத்தன. உடைந்த இடம் வழியே பூஞ்சை புகுந்து அடிமரம் அழுகியது. 1925-ல் அந்த அடிமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றும் ஆயிரக்கணக்கான விழுதுகளில் அது தோப்பு போல நிற்கிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் அடிமரமோ 1989 புயலில் சாய்ந்தது. அதுவும் விழுதுகளால்தான் பிழைத்தது.

ஆலுக்கு விழுது உண்டு. புளிக்கு? ஒரே ஒரு அடிமரம்தான். அது போனால் எல்லாம் போச்சு. அதனால் புளியை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தார். நம் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, அழுகல் பரவாமல் மரம் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று 1977-ல் விளக்கினார். பிறகு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த இயற்பியலாளர் கிளாஸ் மாத்தெக், 1990களில் மரத்தின் வெளித்தோற்றத்தை வைத்தே உள்நிலையைக் கணிக்கும் முறையைப் பரப்பினார்.

அவருடைய ஒரு விதி சுவாரஸ்யமானது. பொந்து விழுந்த மரத்தில், மிச்சமிருக்கும் சுவரின் தடிமன் ஆரத்தில் சுமார் 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 100 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 50, சுவர் 15 செ.மீ. இருந்தால் போதும். "இவ்வளவுதானா!" என்று தோன்றும். குழாய்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 0.24. அதாவது உள்ளே பாதிக்குப் பாதி காலியானாலும், வளைவைத் தாங்கும் வலிமையில் கால் பங்குதான் குறைகிறது. பொந்து இருக்கிறது என்பதற்காகவே வெட்டுவது தவறு என்பதற்கு இதுவே சாட்சி. (சுவரில் திறப்போ வெடிப்போ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.)

உண்மையான எமன் பெரும்பாலும் கீழே இருக்கிறான். வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள் பக்கவாட்டில் பரவுகிறது. வடிகால் தோண்டுகிறோம், கேபிள் பதிக்கிறோம், சிமெண்ட் போட்டு மூடுகிறோம். மரம் பச்சையாகவே நிற்கும். ஒரு நல்ல மழையில் மண் ஊறியதும் அப்படியே சாயும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதைப் புயல் என்று சொல்லித் தப்பிக்கலாம். 2022 ஜூனில் புயலே இல்லாத ஒரு மாலையில் சென்னை கே.கே. நகரில் மரம் காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். பக்கத்து வடிகால் பள்ளம் காரணமா, மழை காரணமா என்று அதன்பிறகு வாதம் நடந்தது. வாதம் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் மர ஆய்வாளர்கள் கேட்பது மூன்று கேள்விகள்: விழ எவ்வளவு வாய்ப்பு? விழுந்தால் கீழே யார் இருப்பார்கள்? பாதிப்பு எவ்வளவு? வயக்காட்டு நடுவே நிற்கும் பொந்து மரம் ஆந்தைக்கு வீடு. அதே மரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஆபத்து.

நாமே பார்க்கக் கூடியவை:

1. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான்
2. காற்று வரும் பக்கம் மண் வெடித்து எழும்பியிருப்பது
3. சமீபத்தில் புதிதாக வந்த சாய்வு
4. கவட்டையில் விரிசல்
5. அருகில் புதுப் பள்ளம்

இதில் எதைக் கண்டாலும் உடனே கோடாரியைத் தூக்க வேண்டாம். பாரமான கிளையைக் கழிக்கலாம், அடியில் உள்ள கடையை நகர்த்தலாம். வேறு வழியே இல்லையென்றால்தான் வெட்ட வேண்டும். அதற்கும் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது.

மரத்துக்கு எண் போட்டு, புளியை ஏலம் விடத் தெரிந்த நமக்கு, அதே எண்ணுக்கு நேராகக் காளான், விரிசல், வேர் என்று மூன்று பத்தி எழுதத் தெரியாதா என்ன? ஆண்டுக்கு ஒருமுறை, கோடை மழைக்கு முன்னால் எழுதினால் போதும். எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று சண்டை போடவாவது நம் கையில் ஒரு ஆதாரம் இருக்கும்.