விராலிமலை முத்துக்கண்ணம்மாள்: சட்டத்திற்குப் பின்னும் நின்ற சதிர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது விராலிமலை. அருணகிரிநாதர் பாடிப் பரவிய தலம். மயில்களுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆறுமுகப் பெருமானுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தால் பலரும் அறிந்த கோயில். இச்சிறப்புகளோடு சேர்த்து எண்ணத்தக்க பெயர் இன்னொன்று உண்டு. இக்கோயிலில் பணிபுரிந்த தேவரடியார் 32 பேருள் எஞ்சி நின்ற இறுதியானவர் என அறியப்பட்ட சதிர்க் கலைஞர் இரா. முத்துக்கண்ணம்மாள் அவர்களின் பெயரே அது. 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோதுதான் நம்மில் பலர் அப்பெயரை முதன்முதலாகக் கேள்வியுற்றோம்.

கோயிலும் ஆடலும் நம் மண்ணில் பிரிந்திருந்ததில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கெனப் பல ஊர்த் தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்து, அவர்களுக்கு மனையும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக அளித்ததை அக்கோயிற் கல்வெட்டு பெயர் பெயராகச் சொல்கிறது. திருவரங்கத்திலோ, 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது பகைவர் படைத்தலைவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துச் சென்று கீழே தள்ளித் தானும் வீழ்ந்து உயிர்நீத்த வெள்ளையம்மாள் என்னும் ஆடல்மகளின் கதை வழிவழியாக வழங்குகிறது. வெள்ளைக் கோபுரம் அவள் நினைவைத் தாங்கி நிற்பதாகவே ஊரார் கூறுவர். உயிரைக் கொடுத்தவளுக்குக் கோபுரம் நின்றது. உயிரோடிருந்து கலையைக் காத்தவளுக்கு நாம் என்ன செய்தோம்?

முத்துக்கண்ணம்மாள் நட்டுவனாரான தம் தந்தை இராமச்சந்திரனிடம் ஆடல் பயின்றார். புதுக்கோட்டையை இராசகோபாலத் தொண்டைமான் ஆண்ட காலத்தில், ஏழு வயதில், அவரது கோயிற்பணி தொடங்கியது. சதிரோடு கும்மியும் கோலாட்டமும் குறவஞ்சியும் அவர்க்குக் கைவந்தன. மேலைநாட்டு மெட்டில் அமைந்த நோட்டுஸ்வரப் பாடலும் அவர் நினைவில் இருந்தது. இவை அனைத்தினும் மேலாக, பாடிக்கொண்டே ஆடும் ஆற்றல் அவர்க்கு வாய்த்திருந்தது. இன்றைய சபா மேடையில் பாடுவோர் ஒருபுறம் அமர்ந்திருப்பர். ஆடுபவர் பெரும்பாலும் வாயசைப்பதோடு சரி. இவரது மரபிலோ குரலும் காலும் ஒரே மூச்சைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏட்டில் எழுதி வைக்க இயலாத அறிவு இது. உடலில் மட்டுமே வாழ்வது.

1947ஆம் ஆண்டின் சென்னைத் தேவதாசிகள் ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுவதை மட்டும் தடுக்கவில்லை. கோயில் வளாகத்திலும் இறைத்திருமேனி ஊர்வலத்திலும் நிகழ்ந்த மகளிர் ஆடலையும் சட்டத்திற்குப் புறம்பாக்கியது. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமத்தானம் இந்தியாவுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டம் அமையும்வரை விராலிமலையும் திருச்சி மாவட்டத்து ஊரே.

இச்சட்டத்தை நாம் குறைகூற இயலாது. அதற்காக நெடுங்காலம் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ அவ்வாழ்வின் துயரைத் தாமே அறிந்து எதிர்த்தவர். விவரம் அறியா வயதில் ஒரு சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்யும் வழக்கம் ஒழிந்தே தீர வேண்டியதாயிருந்தது. ஆயினும் பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் அன்றே எழுப்பிய வினா ஒன்று உண்டு: வழக்கம் ஒழியும்போது எங்கள் கலையும் பிழைப்பும் என்னாவது?

அவ்வினாவிற்கு வரலாறு அளித்த விடை விந்தையானது. 1930களில் சதிர் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயர் பூண்டது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. ஆட்டம் நகரத்து மேடைக்கு ஏறிற்று. ஆடியவர்களுள் மிகப் பலர் ஊரிலேயே மறக்கப்பட்டனர். 1981இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கியபின் ஆடல் கோயில் வளாகத்திற்கும் மீண்டது. பழைய ஆடல்மகளிர் மட்டும் மீளவில்லை.

இங்கேதான் முத்துக்கண்ணம்மாள் வாழ்வின் பெருமை விளங்குகிறது. சட்டம் வந்தபோது அவர் சிறுமி. கோயில் அவருக்குச் சோறிட்ட காலம் மிகக் குறைவு. கோயிலின்றி அவர் கலையைச் சுமந்த காலமோ எழுபது ஆண்டுகளுக்கும் மேல். மானியமும் சபாவும் இன்றி, பாட்டையும் அடவையும் மறவாமல் வைத்திருந்தார். ஆய்வாளர்களும் ஆடற்கலைஞர்களும் காலந்தாழ்ந்து அவர் இல்லம் தேடிச் சென்றனர். தேவதாசியர் வரலாறு குறித்து 2012இல் விரிவான நூல் வெளியிட்ட தாவேஷ் சோனேஜி அவர்களுள் ஒருவர். எண்பதைக் கடந்த வயதிலும் முத்துக்கண்ணம்மாள் பாடிக்கொண்டே ஆடிக் காட்டினார்.

அவரைக் ‘கடைசித் தேவதாசி’ என்று மட்டும் அழைப்பது எளிது. அச்சொல், சில ஆண்டுகளே நீடித்த ஒரு நிலையை அவரது முழு வாழ்வாக்கிவிடுகிறது. ‘எழுபது ஆண்டுச் சதிர்க் கலைஞர்’ என்பதே அவருக்கு உரிய சொல். வழக்கம் ஒழிந்தது நன்று. ஆயின் அதனோடு கலைஞரையும் ஒழிந்தவராகக் கணக்கிட்டது நம் பிழை. நம் ஊர்களில் இன்னும் எத்தனை முதிய மகளிர் நினைவில் எத்தனை பாடல்கள் உறங்குகின்றனவோ! விருது வரும்வரை காத்திராமல் நாம் அவர்களிடம் சென்று கேட்போம். கல்வெட்டைப் படியெடுக்கும் அதே கவனத்தோடு அவர்தம் குரலையும் பதிவு செய்வோம். கல் காத்திருக்கும், உடல் காத்திராது.