ஒரு கோடிச் சீட்டு பொய்த்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வாரப் பத்திரிகை, 1916 முதல் 1932 வரை நிகழ்ந்த தலைவர் தேர்தல் ஐந்திலும் வெல்வார் இன்னாரென முன்னரே பிழையின்றி உரைத்துப் பெரும்புகழ் எய்தியது. 1936-இல் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் எதிர்நின்றபோது, அஃது ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் விடுத்தது. மீண்டு வந்தவை 23 இலட்சத்துக்கும் மேல். லாண்டனே வெல்வார் என்று பத்திரிகை துணிந்து கூறிற்று. நிகழ்ந்ததோ வேறு; 48 மாநிலங்களுள் 46 ரூஸ்வெல்ட்டின்பாற் சென்றன.

இத்துணைப் பெருந்தொகை பொய்த்தது யாங்ஙனம்? நேயர்களே, பெயர் திரட்டிய ஏடுகளை நோக்குங்கள். தொலைபேசிப் புத்தகமும் மோட்டார் வண்டிப் பதிவேடுமே அவற்றுள் தலையாயன. நாடெங்கும் தொழில் முடங்கிய அக்காலத்தில் இவ்விரண்டும் உடையார் செல்வரே. வேலையிழந்த ஏழை வாக்குரிமை உடையவனாயினும் அவ்வேடுகளில் இலன், அவனை வினவுவாருமிலர். சீட்டுப் பெற்றோரிலும் நால்வருள் மூவர் விடையளித்திலர். விடுத்தோரோ பெரும்பாலும் ஆட்சிமேற் சினமுற்றோர் போலும்!

ஜார்ஜ் காலப் என்பார் ஏறத்தாழ 50,000 பேரையே, பல தரத்தாரும் அமையுமாறு தெரிந்து வினவி, ரூஸ்வெல்ட் வெல்வாரெனக் கூறினார். பத்திரிகை 1938-இல் மறைந்தது. 1948-இல் காலப்பும் தவறினார். தேர்தல் நாளுக்கு முன்னரே வினவுதலை நிறுத்தியமையால், இறுதியில் மனம் மாறினோர் அவர் கணக்கினுள் வந்திலர்.