சாயவேர்

காஞ்சிபுரத்துல சிவப்புன்னா எல்லாருக்கும் பட்டுதான் ஞாபகம் வரும். காந்தி ரோட்டுக் கடைகளில் அரக்குச் சிவப்பை விரித்துக் காட்டியே வியாபாரம் நடக்கிறது. ஆனால் இந்த ஊர் பருத்திக்கும் பேர்போன ஊர். பருத்திக்கு ஏறிய சிவப்பு கடற்கரை மணலுக்குள் கிடந்தது, ஒரு பூண்டின் வேரில்.

அதுக்குச் சாயவேர்னு பேரு. சித்த வைத்தியத்தில் இம்பூறல். தரையோடு கிடக்கும், பொடிசாக வெள்ளைப் பூ பூக்கும். தெரியாதவன் மிதித்துவிட்டுப் போவான். வேர் மெல்லிசு, மணலில் ஆழமாக இறங்கும். இரண்டு வருஷ வேர்தான் சாயத்துக்கு உசத்தி. பயிரிட்டதைவிடத் தானாக முளைத்ததற்கு மதிப்பு அதிகம். துணிக்குக் கடுக்காயும் பாலும் ஊட்டி, படிகாரம் ஏற்றி, இந்த வேர்த் தண்ணீரில் காய்ச்சினால் சிவப்பு பிடிக்கும். துவைத்தாலும் போகாது. ஐரோப்பாக்காரன் சோழமண்டலக் கரைக்குக் கப்பல் விட்டதில் அந்தச் சிவப்புக்கும் பங்குண்டு.

நெய்தவன் யார், சாயம் தோய்த்தவன் யார், விற்றவன் யார் என்று புத்தகங்களில் இருக்கிறது. வெயிலில் குந்தி வேர் தோண்டியது யார்? நான் தேடிய வரைக்கும் நம்ம கரையில் அந்தக் கையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடல் தாண்டி யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் போனால்தான் அகப்படுகிறார்கள். 1658க்குப் பிறகு அங்கே ஆண்ட டச்சுக் கம்பெனி சாயவேரைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டது. வேர் குத்துகிறவர்களை ஒரு சாதியாகவே எழுதி, வேர் தோண்டிக் கொடுப்பதை அவர்கள் தலையில் கடமையாகக் கட்டியது. பிடுங்க வேண்டியிருந்ததால் எழுதினான். இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

அதே டச்சுக்காரனுக்கு இந்தக் கரையில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை. 2019 வரை அது காஞ்சிபுரம் மாவட்டம்தான். உள்ளே கல்லறைகள், கல்லில் பேரும் வருஷமும் அழகாகச் செதுக்கியிருக்கு. ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

1868ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு பேர் வேரில் இருக்கும் அந்தச் சாயப்பொருளை, அலிசரினை, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு செய்துவிட்டார்கள். சீக்கிரமே மலிவாக டப்பாவில் வந்து இறங்கியது. வேர் வியாபாரம் படுத்தது. தோண்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று எவனும் கணக்கு எடுக்கவில்லை.

எங்க ஆயா அந்தக் கோட்டைக்குப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். யாருக்காவது இருமலில் ரத்தம் வந்தால் இம்பூறல் அரைத்துக் கொடுப்பாள். மழை விட்ட மறுநாள்தான் தோண்டுவாள். "இழுக்காதடா, மண்ணை விலக்கு. அறுந்தா போச்சு" என்பாள். தோண்டியதும் ஒரு காரியம் செய்வாள். சுருக்குப்பையிலிருந்து வெத்திலைச் சுண்ணாம்பை எடுத்து வேரில் தேய்த்து, சிவக்குதா என்று பார்ப்பாள். மருந்துக்கு எதுக்குச் சிவப்பு? அது சாயக்காரன் பார்க்கிற பரீட்சை. ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மா அப்படித்தான் பாப்பா. அவ அம்மாவும் அப்படித்தானாம். எதுக்குன்னு யாருக்குடா தெரியும்? நீ தோண்டு."