ஜுனைரா: பெயரின் பொருளும் வரலாறும்



கெங்குவார்பட்டியானாலும் கம்பமானாலும், இன்று நம் வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களைத்தான். அவற்றில் பலரையும் கவரும் பெயர்களில் ஒன்று ஜுனைரா. ‘சொர்க்கத்தின் மலர்’ என்று அதற்குப் பொருள் போட்டிருப்பார்கள். அரபு மொழியில் இந்தப் பொருளுக்கு ஆதாரம் இல்லை.

பொருள்

அரபு அகராதிகளில் இச்சொல்லுக்குச் சிறு கல், கூழாங்கல் என்றே பொருள் காணப்படுகிறது. நம் மஞ்சளாற்றில் உருண்டு கிடக்கிறதே, அதைப் போன்ற கல்தான். ‘இவ்வளவுதானா?’ என்று சிலர் முகம் வாடலாம். ஆனால் இப்பெயரின் சிறப்பு அகராதியில் இல்லை. இதைச் சுமந்த பெண்மணியிடம் இருக்கிறது.

வரலாறு

மக்காவில் ஆரம்ப நாட்களிலேயே இஸ்லாத்தை ஏற்ற அடிமைப் பெண் அவர். சீறா நூல்களில் அவர் பெயர் பெரும்பாலும் ‘ஸின்னீரா’ (ரலி) என்று வாசிக்கப்படுகிறது. ஈமான் கொண்டதற்காகக் கொடுமைக்கு ஆளான அவரை அபூபக்கர் (ரலி) விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். பிலால் (ரலி) உட்பட அவ்வாறு விடுவிக்கப்பட்ட ஏழு பேரில் இவரும் ஒருவர்.

விடுதலையான வேளையில் அவருடைய பார்வை பறிபோனது. லாத், உஸ்ஸாதான் அதைப் பறித்துவிட்டன என்று குறைஷிகள் ஏளனம் செய்தார்கள். அந்தச் சிலைகளால் நன்மையும் செய்ய முடியாது, தீமையும் செய்ய முடியாது என்று அவர் உறுதியாக மறுத்தார். பின்னர் அல்லாஹ் அவருக்குப் பார்வையைத் திருப்பித் தந்தான் என்று இப்னு ஹிஷாமின் சீறாவில் பதிவாகியுள்ளது.

எழுதும் முறை

தமிழில் ஜுனைரா, ஸுனைரா என இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக இருக்கட்டும். பிறப்பைப் பதிவு செய்த பின், ஓராண்டுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எனவே அவசரப்படாமல் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய அவகாசம் உண்டு.

நாளை உங்கள் மகள் ‘என் பெயருக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டால், இல்லாத மலரைச் சொல்ல வேண்டாம். எதற்கும் அசையாத அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தப் பெயர் அவளுக்கு ஒரு பலமாக இருக்கும்.