மண்டகப்பட்டுப் பக்கத்துச் சேமிப்பு

செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைச் சூழ்ந்த கிராமங்களில், ஏரி வற்றி மானாவாரியும் பொய்க்கும் என்ற அச்சமே குடும்பங்களுக்குச் சேமிப்பைக் கற்பித்த முதல் ஆசான். குதிரில் நெல்லும், வெயிலில் உலர்த்தி வேப்பிலையிட்டுப் பானையில் மூடிய விதைத் தானியமும், ஸ்திரீதனமாகிய தோடும் கொடியுமே அவர்களது வைப்புநிதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கிராமங்கள் அடங்கிய தென்னார்க்காட்டில் மணிலாக்கொட்டைச் சாகுபடி பெருகி ரொக்கம் புழங்கத் தொடங்கிய பின்னரும், அறுவடைப் பணம் தட்டான் பட்டறைக்கே சென்றது.

இதனை அஞ்ஞானமென்று பழிப்பது அநியாயம். 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி ஏற்பட்டதெனினும், எழுத்தறியாத குடியானவனுக்கு அது அந்நிய ஸ்தாபனமே. எழுத்தறிந்து கம்பெனியை நம்பியோரின் பணத்தையோ 1906-இல் சென்னை அர்பத்நாட் வங்கிக் கம்பெனியின் வீழ்ச்சி விழுங்கிற்று. மறுவருஷமே இந்தியன் வங்கி பிறந்தது. ஆயினும் பஞ்ச காலத்தில் உடனே பணமாகக் கூடிய நகையைக் கைவிட இவ்வூர்ப் பெண்டிர் இசையவில்லை.