மல்லாபூரும் தீயணைப்பு நவீனமயமாக்கல் நிதியும்

மல்லாபூர் ஹைதராபாத்தின் கிழக்கே நாச்சாரத்தை ஒட்டியுள்ள தொழிற்பேட்டைப் பகுதி. தெலங்கானாவின் மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தில் உள்ளது. முன்பு காப்ரா நகராட்சியில் இருந்த இப்பகுதி, 2007-இல் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியில் சேர்ந்தது. சுற்றிலும் நாச்சாரம், மௌலாலி, செர்லபள்ளி. ஆலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் இடம் இது. அருகில் மௌலாலியிலும் செர்லபள்ளியிலும் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன.

அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மும்பையில் அது மாநகராட்சியின் கையிலேயே இருக்கிறது. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் மாநில அரசுத் துறையே அதை நடத்துகிறது. எனவே மல்லாபூருக்கு வரும் தீயணைப்பு வண்டி மாநகராட்சிப் பணத்தில் வாங்கியதல்ல. தெலங்கானா பேரிடர் மீட்பு மற்றும் தீயணைப்புத் துறைக்கு உரியது.

இந்தத் துறைகளுக்கு ஒன்றிய அரசின் பெரிய உதவி 2023-இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 13-ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா, மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனப்படுத்த ரூ.5,000 கோடித் திட்டத்தை அறிவித்தார். பதினைந்தாவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, தேசியப் பேரிடர் நிவாரண நிதியில் முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் என ஒதுக்கிய பங்கிலிருந்து இது தரப்படுகிறது. ரூ.500 கோடி, சட்டத்தையும் கட்டமைப்பையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. திட்டச் செலவில் 25 விழுக்காட்டை மாநிலமே போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 விழுக்காடு போதும். புதிய நிலையங்கள், நவீனக் கருவிகள், பயிற்சி மையங்கள், இணையவழி ஏற்பாடுகள் ஆகியவற்றுக்கு இப்பணம் செல்லும். வீரர்களின் சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும் மாநிலத்தின் பொறுப்பு.

எதை வாங்குவது என்பதுதான் முக்கியமான கேள்வி. நவீனம் என்றாலே வானளாவும் ஏணி வண்டியைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அவ்வகையான பிரான்டோ ஸ்கைலிஃப்ட் ஹைதராபாத்திலும் உண்டு. உயர்ந்த கட்டடங்களுக்கு அது தேவைதான். ஆனால் நகரின் அண்மைக்காலத் தீவிபத்து மரணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. 2022 மார்ச்சில் போய்குடாவின் பழைய பொருள் கிடங்கில் பிகார் தொழிலாளர்கள் 11 பேர் இறந்தனர். 2023 மார்ச் 16 அன்று செகந்திராபாத் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் இறந்த இளைஞர்கள் ஆறு பேரும் புகையில் மூச்சுத் திணறியே மடிந்தவர்கள். அதே ஆண்டு நவம்பரில் நாம்பள்ளி பஜார்காட்டில் ஒன்பது பேர் பலியான அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வேதிப்பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. 2025 மே மாதம் சார்மினார் அருகே குல்சார் ஹௌஸ் பகுதியில் குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தனர். பிரான்டோவும் தீயணைப்பு ரோபோவும் அங்கே கொண்டுவரப்பட்டன. ஆயினும் உள்ளே போகும் வழி குறுகலாக இருந்தது.

இப்படிப்பட்ட இடங்களில் உயிர் காப்பது வீரர் முதுகில் மாட்டும் சுவாசக் கருவி. ஆறு லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1,800 லிட்டர் காற்று அடைத்திருக்கும். படியேறி, ஆளைத் தூக்கி வரும் வேகத்தில் நிமிடத்துக்கு நாற்பது லிட்டர், சில வேளை அதற்கு மேலும் செலவாகும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அழுத்தம் 50 பாரை நெருங்கும்போது விசில் ஊதும்; வீரர் வெளியேறியாக வேண்டும். மாற்று உருளையும், நிலையத்திலேயே காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் இல்லாவிட்டால் அவரால் மறுபடி உள்ளே போக முடியாது. புகைக்குள் ஆளைத் தேட வெப்பப் படக்கருவி, புகையை வெளித்தள்ளும் மின்விசிறி, சந்துக்குள் நுழையும் நீர்த்திவலை மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றும் பெரிய ஏணியின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும். முதல் ஒதுக்கீடு இவற்றுக்கே போக வேண்டும்.

மல்லாபூர் போன்ற தொழிற்பேட்டைக்கு இன்னொரு தேவையும் உண்டு. எரியும் கரைப்பான்மீது தண்ணீரைப் பீய்ச்சினால், தண்ணீரைவிட லேசான பல திரவங்கள் மேலே மிதந்து தீயையும் இழுத்துக்கொண்டு பரவும். அதை மூட நுரை வேண்டும். அசிட்டோன், ஆல்கஹால் போன்றவை சாதாரண நுரையை உடைத்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் தனி வகை நுரைக் கரைசல்தான் பயன்படும். நுரை வண்டியை ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் ஓடும். கரைசலோ ஒரு பெரிய தீயிலேயே தீர்ந்துவிடும், இருப்பில் இருந்தாலும் காலாவதியாகும். தில்லியின் திட்டப் பணம் வண்டியை வாங்கித் தரும். கரைசலைத் திரும்ப நிரப்பும் செலவு மாநிலத்தின் ஆண்டு பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருந்தாக வேண்டும்.